காடு கை கொடுக்கும், பகடை கை விடும்: வெஸ்னாத் சண்டைக் கணக்கு, படிப்படியாக

இரவு. ‘வெஸ்னாத்’ என்ற கணினிப் போர் விளையாட்டில், வெட்டவெளியில் என் ஸ்பியர்மேன் (ஈட்டிக்காரன்) ஒருவன் தனியாக நிற்கிறான். காயம் எதுவும் இல்லை, 36 ஹெச்பி (உயிர்ப்புள்ளி) முழுதாக இருக்கிறது. பக்கத்துக் கட்டத்திலேயே ஒரு கிராமம் காலியாகக் கிடக்கிறது. அவசரத்தில் அவனை அதற்குள் நகர்த்தாமல் டர்னை (என் முறையை) முடித்துவிட்டேன். எதிரியின் முறை வந்தது. மூன்று ஓர்க் கிரண்ட்கள் (எதிரியின் காலாட்கள்) வந்து சூழ்ந்தன. ஆறு அடியில் நான்கு பட்டது. ஆள் காலி.

அன்றைக்கு நான் பகடையைத் திட்டினேன். அப்புறம் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் சாவதற்கு 54 சதவீத வாய்ப்பு இருந்திருக்கிறது. அந்தக் கிராமத்துக்குள் நின்றிருந்தால் அதே மூன்று கிரண்ட்கள், அதே இரவு, 18 சதவீதம்தான். ஒரு கட்டம் நகர்ந்திருந்தால் ஆபத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். பகடை எப்படி விழும் என்பது நம் கையில் இல்லை. நம் ஆள் சாக வேண்டுமென்றால் எதிரிக்கு எத்தனை பகடை வரிசையாக விழ வேண்டும் என்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு டர்னிலும் எப்படிக் கூட்டுவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ‘தி பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். டேவிட் வைட் 2003இல் வெளியிட்டது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிலமும் அதிர்ஷ்டமும் சண்டையை எப்படி மாற்றுகின்றன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காரணம், இது எதையும் ஒளிப்பதில்லை. எல்லா எண்ணும் திரையிலேயே இருக்கும்.

படி 1: சதவீதம் யாருடையது?

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஒரு அடி படுமா தவறுமா என்பதைச் சாதாரணமாக இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன. அடி வாங்குபவர் எந்த வகை யூனிட் (படையாள்)? அவர் எந்த நிலத்தில் நிற்கிறார்? அவ்வளவுதான். அடிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதற்கு இதில் வேலையே இல்லை. மலை மேல் நின்று அம்பு விட்டாலும் சேற்றில் நின்று விட்டாலும் எதிரி மேல் படும் வாய்ப்பு ஒன்றுதான். ஆனால் அவர் திருப்பி அடிக்கும்போது கணக்கு உங்கள் கால் நிற்கும் நிலத்துக்கு மாறிவிடும். அப்போது மலைக்கும் சேற்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

சாதாரண மனிதக் காலாட்படைக்குப் புல்வெளியில் டிஃபென்ஸ் 40 சதவீதம். அதாவது அவர்கள் மேல் 60 சதவீத அடிகள் படும். காட்டிலும் குன்றிலும் 50. மலை, கிராமம், கோட்டை மூன்றிலும் 60. மணலில் 30. ஆழமில்லாத நீரிலும் சேற்றிலும் 20தான். இந்த ஒரு வரிசையை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி விளையாட்டு கைக்கு வந்துவிடும். மற்ற இனங்களை எல்லாம் இதிலிருந்து எவ்வளவு விலகுகிறார்கள் என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எல்ஃப்களுக்குக் காடுதான் வீடு. அங்கே அவர்களுக்கு 60 முதல் 70 வரை கிடைக்கும். குள்ளர்களுக்குக் குன்றில் 60, மலையில் 70. அதே குள்ளன் புல்வெளியிலோ காட்டிலோ நின்றால் 30தான். நீர்வாழ் மெர்மேன்களுக்குத் தண்ணீரில் 60, புல்தரையில் 30. கரையேறிய முதலையின் நிலைமைதான். டிராகன் போன்ற டிரேக்குகள் பறந்து எங்கும் வேகமாகப் போகும், ஆனால் உருவம் பெரிது. மலையில்கூட 40க்கு மேல் கிடைக்காது, புல்வெளியில் 30தான். இதற்கு நேர்மாறாக திருடர்களும் ஃபுட்பேட்களும் (வழிப்பறிக்காரர்கள்) வெறும் புல்வெளியிலேயே 60 வைத்திருப்பார்கள். வௌவாலுக்குக் கிராமம் (அங்கே 50) தவிர கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் 60, பேய்க்கு எல்லா இடத்திலும் 50. இவற்றுக்கு நிலம் பார்த்து இடம் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

பதிப்புக்குப் பதிப்பு சில எண்கள் லேசாக மாறும். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: யூனிட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு மவுஸை ஒரு கட்டத்தின் மேல் கொண்டுபோங்கள். அங்கே நின்றால் எவ்வளவு டிஃபென்ஸ் கிடைக்கும் என்று கட்டத்தின் மேலேயே எண் தெரியும். நகர்த்துவதற்கு முன்னால் இதைப் பார்க்காமல் ஒரு டர்ன்கூடப் போகக் கூடாது.

படி 2: அடியின் எடையைப் பாருங்கள்

படுமா தவறுமா என்பது ஒரு பாதி. பட்டால் எவ்வளவு என்பது மறு பாதி. ஸ்பியர்மேனின் ஈட்டி 7-3 என்று போட்டிருந்தால் ஒரு அடிக்கு 7 டேமேஜ் (சேதம்), ஒரு சண்டையில் மூன்று அடி என்று பொருள். மூன்றுக்கும் தனித்தனிப் பகடை.

இந்த 7 நேரத்தைப் பொறுத்து மாறும். வெஸ்னாத்தில் ஒரு நாள் என்பது ஆறு டர்ன்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம். மனிதப் படைகளில் பெரும்பாலானவை ‘லாஃபுல்’ வகை. பகலில் 25 சதவீதம் கூட அடிக்கும், இரவில் 25 சதவீதம் குறையும். ஓர்க்குகளும் செத்துப்போன படைகளும் ‘கேயாட்டிக்’ வகை. அவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். விடியலிலும் அந்தியிலும் இந்த இரு தரப்புக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எல்ஃப்களும் குள்ளர்களும் நடுநிலை, எந்த நேரமும் ஒன்றுதான்.

ஆயுத வகையும் உண்டு. எலும்புக்கூட்டை ஈட்டியால் குத்தினால் 60 சதவீதம் வீணாகும், வாளால் வெட்டினால் 40 சதவீதம் வீணாகும், தடியால் அடித்தால் 20 சதவீதம் கூடவே விழும். நிலம் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் எலும்புக்கூட்டின் முன்னால் ஈட்டிக்காரனை நிறுத்தினால் பயனில்லை.

படி 3: சாவுக்கு எத்தனை அடி?

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியின் இதயம் இதுதான். சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ‘என் ஆள் சாக எத்தனை அடி படவேண்டும்?’ என்று எண்ணுங்கள்.

அந்த ஸ்பியர்மேனையே எடுத்துக்கொள்வோம். 36 ஹெச்பி. எதிரே கிரண்ட், 9-2. இரவில் 9 என்பது 11 ஆகும். மூன்று அடி பட்டால் 33, ஆள் பிழைப்பான். நான்காவது பட்டால் போனான். மூன்று கிரண்ட் வந்தால் மொத்தம் ஆறு அடி. அதில் நான்கு பட வேண்டும். புல்வெளியில் அதற்கு 54 சதவீதம், காட்டில் 34, கிராமத்தில் 18.

இப்போது பகல். 9 என்பது 7 ஆகக் குறைகிறது. ஐந்து அடி பட்டாலும் 35தான். ஸ்பியர்மேன் 1 ஹெச்பியோடு நிற்பான்! ஆறு அடியும் ஒன்று விடாமல் பட்டால்தான் சாவு. புல்வெளியிலேயே அதற்கு 5 சதவீதத்துக்கும் குறைவு, கிராமத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆக, பகலில் மூன்று கிரண்ட்கள் முன்னால் வெட்டவெளியில் துணிந்து நிற்கலாம். இரவில் அதே இடம் சுடுகாடு.

அந்தி நேரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தியில் கிரண்ட்டுக்குக் கூடுதல் எதுவும் கிடையாது, 9தான். ஆனால் நான்கு ஒன்பது 36. ஸ்பியர்மேனின் ஹெச்பியும் 36! அதாவது முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் சாதாரண ஸ்பியர்மேனுக்கு அந்தியும் இரவும் ஒரே ஆபத்துதான். இரண்டிலும் நான்கு அடியில் சாவு. அதே ஸ்பியர்மேன் ‘ஸ்ட்ராங்’ குணத்தோடு பிறந்திருந்தால் 37 ஹெச்பி. அந்த ஒரே ஒரு புள்ளியால் அந்தியில் அவனைக் கொல்ல ஐந்து அடி தேவைப்படும். புல்வெளியில் 54 சதவீதம் 23 ஆகிவிடும், கிராமத்தில் 4 ஆகிவிடும். ஒரு ஹெச்பிக்கு இவ்வளவு மதிப்பா என்றால், ஆமாம், எல்லைக் கோட்டில் நிற்கும்போது இவ்வளவு மதிப்பு. எதிரியிலும் ஸ்ட்ராங் கிரண்ட் உண்டு, அது 10 அடிக்கும். ஆகவே எதிரி யூனிட் மேலும் ஒருமுறை மவுஸை வைத்து எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் மனக்கணக்காகப் போட வேண்டியதில்லை. நீங்கள் தாக்கும்போது வரும் ஜன்னலில் டேமேஜ் கணக்கு என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் இரண்டு பேரும் எத்தனை ஹெச்பியோடு மிஞ்ச எவ்வளவு வாய்ப்பு என்று கம்பி வரைபடமாகக் காட்டும். ஆனால் அது அந்த ஒரு சண்டைக்கு மட்டும். எதிரியின் டர்னில் எத்தனை பேர் வருவார்கள் என்று அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

படி 4: எத்தனை பேர் தொட முடியும் என்று எண்ணுங்கள்

நிலத்தைப் பற்றிப் பேசும் பலரும் காடு, மலை, கிராமத்தோடு நின்றுவிடுகிறார்கள். வரிசையும் ஒரு நிலம்தான்.

வெஸ்னாத் வரைபடம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. தனியாக நிற்பவனை ஆறு பேர் வரை அடிக்கலாம். வடக்கு தெற்காகவோ சாய்வாகவோ நேர்கோட்டில் ஆட்களைச் சேர்த்து நிறுத்தினால் ஒவ்வொருவரையும் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேர்தான் தொட முடியும். கிழக்கு மேற்காக நிறுத்தினால் வரிசை வளைந்து வளைந்து வரும். முன்னால் துருத்திக்கொண்டு நிற்பவனை மூன்று பேர் அடிக்கலாம், பள்ளத்தில் நிற்பவனை ஒரே ஒருவர்தான் அடிக்க முடியும். காயம்பட்டவனை வைக்க வேண்டிய இடம் அந்தப் பள்ளம்.

இதன் பலன் எவ்வளவு? மறுபடியும் இரவு, அதே ஸ்பியர்மேன், அதே கிரண்ட்கள். இரண்டு பேர் மட்டும் தொட முடிந்தால் மொத்தம் நான்கு அடி. நான்கும் பட்டால்தான் சாவு. வெறும் புல்வெளியில் அது 13 சதவீதம். கிராமத்துக்குள் நின்று மூன்று பேரிடம் அடி வாங்கினால் 18 என்று பார்த்தோம். அதாவது நல்ல வரிசையில் புல்வெளியில் நிற்பவன், தனியாகக் கிராமத்துக்குள் நிற்பவனைவிடப் பத்திரமாக இருக்கிறான்! கிராமத்துக்கு ஆசைப்பட்டு வரிசையிலிருந்து ஒருவன் மட்டும் முன்னால் போய் நிற்பதை நான் விட்டது இந்தக் கணக்கைப் போட்ட நாளில்தான். கிராமமும் வரிசையும் ஒன்றாக அமைந்தால் 3 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அப்படி ஓர் இடம் வரைபடத்தில் இருந்தால் இரவுக்கு முன்னால் அங்கே போய்ச் சேருங்கள்.

வரிசையில் ஆள் பற்றவில்லை என்றால் பதற வேண்டாம். முதல் நிலையிலோ (லெவல் 1) அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு யூனிட்டும் தன்னைச் சுற்றிய ஆறு கட்டத்திலும் எதிரியின் நடையை நிறுத்திவிடும். அதனால் இடையில் கொஞ்சம் இடைவெளி விட்டாலும் எதிரி ஒரே டர்னில் ஊடுருவிப் பின்னால் போக முடியாது. ஸ்கர்மிஷர் திறமை உள்ளவர்கள் மட்டும் இதை மதிக்க மாட்டார்கள்.

படி 5: எதிரியைத் தண்ணீரில் நிற்க வையுங்கள்

நீங்கள் நிற்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் வகுப்பு. எதிரி நிற்கப்போகும் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது அடுத்த வகுப்பு. உங்களை அடிக்க எதிரி உங்கள் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தாக வேண்டும். அந்தக் கட்டம் என்ன நிலம் என்பதை உங்கள் வரிசை முடிவு செய்கிறது.

காலை நேரம், ஒரு கிரண்ட், முழு 38 ஹெச்பி. மூன்று ஸ்பியர்மேன்கள் அதைத் தாக்குகிறார்கள். பகலில் ஈட்டி 9 அடிக்கும். ஒன்பது அடியில் ஐந்து பட்டால் கிரண்ட் சாகும். கிரண்ட் மலையில் நின்றால் அதற்கு 27 சதவீத வாய்ப்பு. புல்வெளியில் நின்றால் 73. ஆழமில்லாத நீரில் நின்றால் 98. அதே மூன்று ஆட்கள், அதே ஈட்டி!

ஆகவே ஆறு ஒன்று குறுக்கே ஓடினால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். கரையிலேயே நில்லுங்கள், எதிரி வந்து நனையட்டும். கணினி எதிரி பெரும்பாலும் தன் காலடியைப் பார்க்காமல் பாயும் சுபாவம் கொண்டது. கரையில் ஒருவனைக் காட்டினால் தண்ணீரில் இறங்கி வந்துவிடும். மனிதர்களோடு ஆடும்போது இது அவ்வளவு எளிதில் நடக்காது. ஆனால் வரத் தயங்கி அக்கரையில் நிற்கிறார் என்றால் அதுவும் லாபம்தான்: அந்த நேரத்தில் உங்கள் பக்கத்துக் கிராமங்கள் ஒவ்வொன்றும் டர்ன்தோறும் தங்கம் தந்துகொண்டிருக்கும்.

படி 6: நிலத்தை மதிக்காத ஆயுதங்கள்

எதிரி ஏற்கெனவே மலையில் உட்கார்ந்துவிட்டால்? அதற்குத்தான் ‘மேஜிக்கல்’ தாக்குதல். இந்த ஆயுதத்துக்கு எந்த நிலமும் ஒன்றுதான். எப்போதும் 70 சதவீதம் படும். மூன்று ஸ்பியர்மேன்களுக்கு 27 சதவீதமாக இருந்த அதே மலைக் கிரண்ட்டை மூன்று மேஜ்கள் (மந்திரவாதிகள்) பகலில் தாக்கினால் 90 சதவீதம். மேஜ் தூரத்திலிருந்து அடிப்பவன், கிரண்ட்டிடம் வில் கிடையாது என்பதால் திருப்பியும் அடிக்காது. விலை? ஸ்பியர்மேன் 14 தங்கம், மேஜ் 20. உயிரோ 24 ஹெச்பிதான். இரவில் மூன்று அடியில் போய்விடுவான். எனவே மந்திரவாதியை அடிக்க அனுப்பும்போதே அடுத்த டர்னில் அவன் யார் கையில் அகப்படுவான் என்று பார்க்க வேண்டும்.

‘மார்க்ஸ்மேன்’ திறமைக்குக் குறைந்தது 60 சதவீதம், ஆனால் நீங்கள் தாக்கும்போது மட்டும், தற்காப்பில் கிடையாது. இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: தண்ணீரில் நிற்பவன் மேல் சாதாரண ஈட்டியே 80 சதவீதம் படும், மேஜிக் 70தான். அங்கே மந்திரவாதியைச் செலவழிப்பது வீண்.

படி 7: நிறைய சிறிய அடியா, ஒரே பெரிய அடியா?

இரண்டு யூனிட்களை ஒப்பிடுகிறேன். எல்விஷ் ஆர்ச்சரின் வில் 5-4. குள்ளர்களின் தண்டரர் வைத்திருக்கும் துப்பாக்கி 18-1. புல்வெளியில் நிற்கும் எதிரி மேல் 60 சதவீதம் படும் என்றால் ஆர்ச்சரின் சராசரி டேமேஜ் 12, தண்டரரின் சராசரி 10.8. சராசரியை மட்டும் பார்த்தால் ஆர்ச்சர்தான் சிறந்தவர் என்று தோன்றும்.

எதிரிக்கு 5 ஹெச்பி மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். ஆர்ச்சரின் நான்கு அம்பில் ஒன்று பட்டால் போதும், 97 சதவீதம். தண்டரருக்கு 60. 10 ஹெச்பி என்றால் ஆர்ச்சருக்கு 82, தண்டரருக்கு அதே 60. இப்போது எதிரிக்கு 18 ஹெச்பி. ஆர்ச்சரின் நான்கும் பட வேண்டும், 13 சதவீதம். தண்டரருக்கு இன்னமும் அதே 60!

இதிலிருந்து நான் கைக்கொள்ளும் வழக்கம்: உறுதி வேண்டிய இடத்தில் பல சிறிய அடி உள்ளவரை அனுப்புவேன், சாதாரணமாக நடக்க வாய்ப்பில்லாதது நடந்தாக வேண்டிய இடத்தில் ஒரே பெரிய அடி உள்ளவரை அனுப்புவேன். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பகடையைக் குறைக்கப் பாருங்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போதுதான் பகடை உங்கள் நண்பன். குதிரை மேல் பாய்ந்து தாக்கும் ஹார்ஸ்மேனின் ‘சார்ஜ்’ இதற்கு உச்ச உதாரணம்: அடிப்பதும் இரட்டை, வாங்குவதும் இரட்டை. நிலைமை கைமீறும்போது அவனை எடுங்கள். நிலைமை நன்றாக இருக்கும்போது அவனை ஓரமாக வைத்திருங்கள்.

படி 8: அடிக்கும் வரிசை

எல்லா யூனிட்டையும் முதலில் நகர்த்தி நிறுத்திவிட்டு அப்புறம் ஒவ்வொன்றாக அடிப்பது கெட்ட பழக்கம். ஒரு அடி முடிந்ததும் உங்களுக்குப் புதிய தகவல் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்த இன்னும் நகராத ஆட்கள் வேண்டும்.

முதலில் திருப்பி அடி வாங்காத தாக்குதல். வில் இல்லாதவன் மேல் அம்பு, அருகில் அடிக்கத் தெரியாதவன் மேல் வாள். எல்ஃப் ஷாமன் கையில் இருந்தால் அவளை எல்லோருக்கும் முன்னால் அனுப்புங்கள். அவள் வைக்கும் ‘ஸ்லோ’ எதிரியின் அடியைப் பாதியாக்கும், பின்னால் போகும் எல்லோருக்கும் அது லாபம். அடுத்து, எப்படியும் அங்கே நின்றாக வேண்டிய ஆட்கள். முடிவு தெரிந்த பிறகு எங்கே போவது என்று தீர்மானிக்கக்கூடிய வேகமான ஆட்களைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள்.

கொல்லும் அடி யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். முதல் நிலை எதிரியோடு சண்டை போட்டால் 1 அனுபவப் புள்ளி, கொன்றால் 8. அடுத்த நிலைக்கு உயரும் யூனிட்டுக்கு ஹெச்பி முழுதாக நிரம்பிவிடும்.

படி 9: பகடை கைவிட்டால்

மேஜின் மூன்று அடியும் தவற 2.7 சதவீத வாய்ப்பு. கேட்கும்போது நடக்காத காரியம் மாதிரி இருக்கும். ஆனால் 37 முறை மேஜால் தாக்கினால் சராசரியாக ஒருமுறை அது நடக்கும். ஒரு நீண்ட கேம்பெயினில் (தொடர் கதை ஆட்டத்தில்) மேஜ்கள் நூற்றுக்கணக்கான முறை தாக்குவார்கள். நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்று முறை தவறியதால் நாலாவது படும் என்பதும் கிடையாது. தாயக்கட்டைக்குப் போன ஆட்டம் நினைவிருக்காது.

‘எனக்கு மட்டும் பகடை சதி செய்கிறது’ என்று தோன்றும்போது மெனுவில் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த, வாங்கிய டேமேஜை எதிர்பார்த்த அளவோடு ஒப்பிட்டுக் காட்டும். நான் திறந்து பார்த்த பல முறை என் அதிர்ஷ்டம் சராசரிக்கு மேலேயே இருந்திருக்கிறது. தவறியது மட்டும் மனதில் தங்கிவிடுகிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, வரிசைக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆளாவது சும்மா இருக்கட்டும். முன்னால் ஓட்டை விழுந்தால் அடைக்க. இரண்டு, பின்வாங்க ஒரு கிராமம் கையில் இருக்கட்டும். அங்கே டர்னுக்கு 8 ஹெச்பி ஏறும், விஷமும் இறங்கும். ஒவ்வொரு தவறிய அடிக்கும் பழைய சேவ் கோப்பைத் திறந்து மறுபடி ஆடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அப்படி ஆடினால் 9வது டர்னில் நல்ல இடம் எது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

மற்ற விளையாட்டுகளுக்குப் போகும்போது

கணக்கு ஒன்றுதான், விதி மாறும். ‘அட்வான்ஸ் வார்ஸ்’ விளையாட்டில் நிலம் நட்சத்திரமாக வரும்: சாலைக்கு ஒன்றுமில்லை, சமவெளிக்கு 1, காட்டுக்கு 2, நகரத்துக்கு 3, மலைக்கு 4. அங்கே அடி தவறுவதே கிடையாது. நட்சத்திரம் டேமேஜைக் குறைக்கும், அதிர்ஷ்டம் சிறு அளவில்தான் கூட்டும். 2012இல் வந்த ‘எக்ஸ்காம்’ விளையாட்டில் பாதி மறைவுக்கு 20, முழு மறைவுக்கு 40 புள்ளி. ஆனால் பக்கவாட்டில் வந்தவனுக்கு அந்த மறைவு கணக்கில் சேராது. அதனால் அங்கே நிலத்தைவிடக் கோணம் பெரிது.

‘ஃபயர் எம்பளம்’ விளையாட்டுத் தொடர் மட்டும் தனிக் கதை. 2002இல் கேம்பாய் அட்வான்ஸில் வந்த பாகத்திலும் அடுத்து அந்தக் கருவியில் வந்த பாகங்களிலும் இரண்டு பகடையை உருட்டிச் சராசரி எடுப்பார்கள். திரையில் 70 என்று இருந்தால் உண்மையில் 82 சதவீதம், 90 என்றால் 98, 30 என்றால் 18. அதை ஆடிப் பழகியவர்கள் வெஸ்னாத்துக்கு வந்ததும் 70 ஏன் இவ்வளவு தவறுகிறது என்று கேட்பார்கள். வெஸ்னாத்தின் 70 நிஜமாகவே 70.

ஒரு டர்ன், முழுதாக

போன வாரம் ஆடியது. காலை. ஆற்றங்கரையில் சாய்வான வரிசையில் மூன்று ஸ்பியர்மேன்கள், பின்னால் கிராமம், அதற்குப் பக்கத்தில் ஒரு மேஜ். ஒரு கிரண்ட் தண்ணீரில் இறங்கி வந்து நின்றது, 38 ஹெச்பி. 98 சதவீதம் என்று சொன்னேனே, அதே நிலைமை.

முதல் இருவர் அடித்தார்கள். ஆறு அடியில் இரண்டே இரண்டு பட்டது. கிரண்ட்டுக்கு 20 மிச்சம். அதைத் தொட ஒரே ஒரு கட்டம்தான் காலி. மூன்றாவது ஸ்பியர்மேனா, மேஜா? 20 எடுக்க மூன்று அடியும் பட வேண்டும். தண்ணீரில் ஈட்டிக்கு 51 சதவீதம், மேஜிக்குக்கு 34. தவிர, தவறினால் அந்தக் கட்டத்தில் யார் நிற்பது என்ற கேள்வி. ஸ்பியர்மேனை அனுப்பினேன். இரண்டு பட்டது, ஒன்று தவறியது. கிரண்ட் 2 ஹெச்பியோடு நின்றது.

எதிரியின் முறை. இன்னும் இரண்டு கிரண்ட்கள் வந்தன, அவையும் தண்ணீரில்தான் நிற்க வேண்டியிருந்தது. பகல் என்பதால் அடிக்கு 7. நடுவில் நின்றவனுக்கு மூன்று அடி பட்டது. 15 ஹெச்பியோடு நின்றான். யாரும் சாகவில்லை, வரிசை உடையவில்லை.

பிற்பகல். 15 ஹெச்பிக்காரனைப் பின்னால் கிராமத்துக்கு இழுத்தேன், அவன் இருந்த கட்டத்தில் மந்திரவாதியை ஏற்றினேன். 2 ஹெச்பி கிரண்ட்டைக் கொல்ல ஸ்பியர்மேனுக்கு 99 சதவீதம், மேஜுக்கு 97. அந்த 8 அனுபவப் புள்ளி மேஜுக்கு வேண்டும் என்பதால் இரண்டு சதவீதத்தை விட்டுக்கொடுத்தேன். முதல் அடி தவறியது. இரண்டாவது பட்டது.